படலைக்கு வெளியே

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் மரியாதையை அதன் முற்றத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஆனைக்கோட்டையில் நான் வளர்ந்த ஒழுங்கையில் விடியுமுன்னரே ஒவ்வொரு வளவிலும் ஈர்க்கு விளக்குமாற்றுச் சத்தம் எழும்பிவிடும். ஆச்சி பின்பக்கமாக நடந்துதான் கூட்டுவாள். தன்னுடைய காலடிகூட மணலில் பதியக்கூடாது. கூட்டி முடிந்தபின் ஈர்க்குக் கீறிய கோடுகள் படலையடி மட்டும் வரிசையாகக் கிடக்கும். சாணித்தண்ணி தெளித்து, அது காயும் வரைக்கும் எங்களை விறாந்தையை விட்டு இறங்க விடமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு ரொபித்தாளை முற்றத்தில் போட்டால், "உந்தக் கஞ்சலை ஆர் போட்டது? எடுத்து எறியடா அங்காலை" என்று குரல் வரும்.

அந்த "அங்காலை" வேலிக்கு வெளியே இருந்தது. நாங்கள் எடுத்து ஒழுங்கையில் எறிந்துவிட்டு வருவோம். ஆச்சிக்கு அதில் குறையொன்றும் தெரியாது. உடைந்த போத்தலும், அறுந்த செருப்பும், எலிப்பொறியில் அகப்பட்ட எலியும் அதே வழியால்தான் போயின. எதிர்வீட்டாரும் அப்படித்தான். இரண்டு வீட்டு முற்றமும் கோயில் வீதி மாதிரி இருக்க, நடுவில் கிடந்த ஒழுங்கையில் நாங்கள் செருப்பில்லாமல் நடக்கப் பயந்தோம்.

எங்கள் ஊரவரைச் சுத்தம் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கிணற்றடியில் இருந்து அடுப்படி வரைக்கும் சுத்தம் பார்க்கிற சனம் நாங்கள். அந்தச் சுத்தம் வேலியோடு நின்றுபோனதுதான் எங்கள் கேடு. இன்றைக்கு நகரத்து வாய்க்கால்களிலும் கல்லுண்டாய் வெளியிலும் கிடக்கிறவை எல்லாம் அந்த வேலியைத் தாண்டி எறியப்பட்டவை என்றே நான் நினைக்கிறேன்.

அந்த நாளில் ஏன் இது பெரிய கேடாகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வீட்டில் சேர்ந்த குப்பையில் பெரும்பகுதி மண்ணில் முளைத்தது. மண்ணுக்கே திரும்பிப் போனது. மீன் கழுவிய தண்ணி வாழையடிக்கு. அடுப்புச் சாம்பலில் கொஞ்சம் சட்டி பானை மினுக்க, மிச்சம் முருங்கையடிக்கு. சிரட்டை ஸ்திரிக்கைப் பெட்டிக்குக் கரியானது. பொச்சு எரிந்தது. கோடிப்புறத்தில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு கிடங்கு இருந்தது. மாவிலைச் சருகும் வெண்காயத் தோலும் மாட்டுத் தொழுவத்துக் கழிவும் அதற்குள் கிடந்து உக்கும். மாரிக்கு முன்னர் அப்பு அதை வெட்டி எடுத்து வண்டிலில் தோட்டத் தறைக்கு ஏற்றுவார். உக்கிய குப்பை கறுப்பாக, பொலபொலவென்று, மழை மணத்தோடு இருக்கும். அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு "நல்லாய் வந்திருக்கு" என்பார். வேலியில் இருந்து கழற்றிய பழைய பனையோலையைக்கூட வீணாக்காமல் புகையிலைத் தோட்டத்து மண்ணுக்குள் தாழ்த்தார்கள். வற்றாத ஆறில்லாத, மேல்மண் ஆழமில்லாத இந்தக் குடாநாட்டில் வெண்காயமும் புகையிலையும் மிளகாயும் விளைந்ததே குப்பையை எருவாக்கத் தெரிந்திருந்த கைகளால்தான்.

எறிந்த பொருளும் அப்படியே. ஆடிக்கூழ் குடித்தால் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தித்தான் குடிப்போம். குடித்து முடிந்ததும் இருந்த இடத்திலேயே எறிவோம். ஆடு வந்து தின்றுவிடும். தவறணையில் கள்ளுக் குடித்த பிளாவும் பனையடியில் கிடந்து உக்கிவிடும். சந்தையில் இருந்து மீன் ஓலைப் பறியில் வந்தது. கலியாண வீட்டில் சாப்பிட்ட வாழையிலையை மாடு பார்த்துக்கொண்டது. கையை வீசி எறிவது பாவமில்லை என்று நாங்கள் பழகியது அந்தப் பலாவிலையில்தான். பிறகு கையில் இருந்த பொருள் மாறியது. கை மாறவில்லை.

இதற்குள் இன்னொரு பழக்கமும் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். நகரத்தில் பெரியம்மா வீட்டில் அந்நாளில் வாளிக் கக்கூஸ்தான். அதை எடுக்க வருகிறவர் பின் ஒழுங்கையால் வந்து பின் ஒழுங்கையால் போவார். அவருடைய பெயரை அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. தேத்தண்ணி கொடுத்தால் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். வாளிக் கக்கூஸ் போய்விட்டது, சிரட்டையும் போய்விட்டது. அழுக்காக்குவது ஒரு சாராருக்கும் அள்ளுவது இன்னொரு சாராருக்கும் விதித்தது என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. "உதை அள்ளத்தானே அவங்களுக்குச் சம்பளம்?" என்று படித்தவர்கள் வாயால் இன்றும் கேட்கிறேன். நகரத்துச் சுத்திகரிப்புத் தொழிலாளி ஒருவர் கையுறையில்லாத விரலால் வாய்க்காலுக்குள் இருந்து குழந்தையின் பம்பேசையும் உடைந்த பல்ப்பையும் ஒன்றாக அள்ளுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்த விரலில் ரத்தம் வந்தது. அவர் அதை வாய்க்கால் தண்ணியிலேயே கழுவிவிட்டு அடுத்த வாளியை எடுத்தார். எங்கள் வீட்டுக் குப்பையில் கண்ணாடியைத் தனியாகச் சுற்றி வைக்கும் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

1990 ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கி, மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடை இறுகிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து வீதிகளில் குப்பை கிடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. எறிய ஒன்றும் இருக்கவில்லை. ஜாம் போத்தல் சிக்கன விளக்கானது. அதன் அடியில் கொஞ்சம் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும்; மூடியில் சைக்கிள் ரியூப்பின் வால்வை ஓட்டைபோட்டுப் பூட்டி, அதற்குள்ளால் திரி. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, ரேடியோவில் போட்டு, இன்னும் ஒரு செய்தி கேட்கலாமா என்று பார்ப்போம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். பத்திரிகை கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்தது. எழுதி முடிந்த கொப்பி கடலை சுற்றப் போனது. ஒரு சொப்பிங் பாக் கையில் கிடைத்தால் அம்மா அதைக் கழுவி, வேலிக் கதியாலில் கொழுவிக் காயவைத்து, நாலாக மடித்து அலுமாரிக்குள் வைப்பாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் மழையில் நனையாமல் கைதடி மட்டும் வந்தது அப்படி மடித்து வைத்த ஒரு பையில்தான்.

அந்தக் காலத்தை நல்ல காலம் என்று சொல்ல நான் வரவில்லை. மருந்தில்லாமல் செத்தவர்களை நாங்கள் கண்டோம். ஆனால் ஒன்று தெரிந்தது. பொருளின் அருமை தெரிந்தால் இதே சனம் ஒரு மூடியைக்கூட எறியாது.

2002இல் ஏ9 பாதை திறந்தது. லொறிகள் வரத் தொடங்கின. பன்னிரண்டு வருடம் காய்ந்து கிடந்த கடைகளில் ஒரே மாதத்தில் எல்லாம் தொங்கியது: ஷம்பூப் பக்கற், பால்மாப் பக்கற், பிஸ்கற், சோடாப் போத்தல், வெள்ளை லஞ்ச் சீற். எங்களுக்கு அது விடுதலை போல இருந்தது. ஒரு சின்னப் பக்கற்றைப் பல்லால் கிழித்து, உள்ளிருந்ததைக் குடித்து, உறையைக் காற்றில் விடுவதிலும் ஒரு சந்தோசம் இருந்தது. 2006இல் பாதை மூடி, 2009இல் யுத்தம் முடிந்தபின் வந்த பொருள் வெள்ளம் அதைவிடப் பெரிது. பொருளோடு பொலித்தீன் வந்தது. அதை என்ன செய்வதென்று சொல்லித்தர ஒருவரும் கூட வரவில்லை.

அதே காலத்தில் வளவுகளும் மாறின. கிடுகு வேலி போய் மதில் எழும்பியது. வெளிநாட்டுக் காசில் கட்டின வீடுகளின் முற்றத்தில் மணலை மூடிக் கல் பதித்தார்கள். கோடிப்புறத்துக் கிடங்கு மூடுபட்டு, அதன்மேல் கராச் வந்தது. தென்னையும் வாழையும் தறிபட்டன. மீன் செதிலைத் தாழ்க்க ஒரு முழ மண் இல்லாத வளவுகளை இப்போது காண்கிறேன். வீட்டுக்குள் பிறக்கிற எல்லாக் கழிவுக்கும் இருக்கிற ஒரே வழி வெளிப் படலை.

வெளியே போவது எங்கே? நகரத்துக் குப்பை கல்லுண்டாய்க்குப் போகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து பொன்னாலைப் பக்கம் போகும் வீதியில், காக்கைதீவைக் கடந்ததும் இரண்டு பக்கமும் விரிகிற உவர்வெளி அது. மாரியில் தண்ணி நிற்கும். கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் இறங்கும். சின்ன வயதில் அப்பு என்னைச் சைக்கிள் பாரில் இருத்திப் பறவை காட்ட அங்கே கொண்டுபோயிருக்கிறார். இன்று அந்த வெளியில் ஒரு மேடு இருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் மண்திட்டி என்று நினைப்பீர்கள். கிட்டப் போனால் பொலித்தீன் காற்றில் அடிபடும் சத்தம் கேட்கும். மாடுகள் அதில் மேயும். வெயில் காலத்தில் அது பற்றிக்கொள்ளும். சோளகம் வீசத் தொடங்கினால் புகை நேரே எங்கள் ஊர்ப்பக்கம்தான் வரும். கொடியில் காயும் உடுப்பில் மணம் ஏறும். முட்டு வருத்தம் உள்ள என் தங்கை அந்த மாதங்களில் யன்னலைச் சாத்திக்கொண்டுதான் படுப்பாள்.

மேட்டுக்குப் போகும் குப்பை ஒரு பங்கு. வழியில் விழும் குப்பை இன்னொரு பங்கு. பொழுதுபட்ட நேரத்தில் அந்த வீதியால் வந்தால் மோட்டார் சைக்கிள்கள் வேகம் குறைப்பதைக் காணலாம். காண்டிலில் தொங்கின கறுத்தப் பை ஒரு வீச்சில் பள்ளத்துக்குள் போகும். செம்மணி வெளியிலும் இதே கதை. ஒருநாள் மனம் பொறுக்காமல் ஒருவரை மறித்துக் கேட்டேன். என்னைவிட மூத்தவர், நெற்றியில் திருநீறு.

"அண்ணை, உதை ஏன் இஞ்சை போடுறியள்?"

அவர் கோபிக்கவில்லை. "தம்பி, குப்பை வண்டி கிழமைக்கு ஒருக்கால்தான் எங்கட பக்கம் வருது. மீன் கழிவை ஒரு கிழமை வீட்டிலை வைச்சிருக்கேலுமே? புழுப் பிடிக்கும்."

"வளவுக்கை ஒரு கிடங்கு வெட்டித் தாழ்க்கலாமே?"

"வளவெல்லாம் கல்லுப் பதிச்சாச்சு. மகன் லண்டனிலை இருந்து வந்து செய்விச்சவன்."

பையைத் திறந்து காட்டினார். மீன் செதில், வாழைப்பழத் தோல், இடியப்பத் தட்டு, நாலைந்து பால்மாப் பக்கற், மருந்துக் குளிசை உறை எல்லாம் ஒன்றாய்க் கிடந்தன. அந்தப் பையைத்தான் நான் இந்த நகரத்தின் நோய் என்று சொல்வேன். செதிலும் தோலும் தனியாக இருந்தால் எரு. பக்கற் தனியாக இருந்தால் கழுவிப் பிரித்து வைக்கலாம். இரண்டையும் ஒன்றாய்ப் போட்டு முடிச்சுப் போட்டபின் அது ஒருவருக்கும் உதவாத நஞ்சு. வண்டி ஒழுங்காக வந்தாலும் அது போய்ச் சேர்வது கல்லுண்டாய் மேட்டுக்குத்தான்.

அப்படி ஒரு மேடு வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாடு கண்டிருக்கிறது. கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டன்று, குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் புதையுண்டு செத்தார்கள். அதே ஆண்டு டெங்கு நாடு முழுக்க 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. வீசிய தயிர்ச்சட்டியிலும் யோகட் கப்பிலும் தேங்கிய ஒரு கரண்டித் தண்ணி நுளம்புக்குப் போதும். அந்தச் செப்ரெம்பர் 1 முதல் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன், லஞ்ச் சீற், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி என்பன தடைசெய்யப்பட்டன. பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடை. 2023 ஒக்ரோபரில் பிளாஸ்ரிக் உறிஞ்சிகுழல், கோப்பை, தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு, பிளாஸ்ரிக் மாலை வரைக்கும் தடை நீண்டது. சட்டம் இருக்கிறது. நான் பின்னேரம் நடக்கப் போனால் மதிலுக்கு மேலால் இன்னும் கறுத்தப் புகை எழும்புகிறது.

எங்களுக்கு இதில் மற்றவர்களைவிடக் கூடுதல் பயம் இருக்கவேண்டும். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கல் முழுக்க வெடிப்பும் துவாரமும். மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குப் போகும். வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. வழுக்கையாறுகூட மாரி முடிய வற்றிவிடும். குடிப்பது நிலத்தடித் தண்ணி. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தி வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அதைக் கேட்டுப் பதறி வீதிக்கு இறங்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பதற்றத்தில் கால்வாசி, மதிலோரத்தில் எரிகிற பையைப் பார்த்தும் எங்களுக்கு வரவேண்டாமா?

2021 ஏப்ரலில் ஒரு சம்பவம் நடந்தது. நகரத்தில் குப்பை போடுகிறவர்களையும் வெற்றிலை துப்புகிறவர்களையும் கவனிக்க யாழ்ப்பாணம் மாநகரசபை ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை இறக்கியது. அவர்களுக்கு வெளிர்நீலச் சீருடை. அது விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருக்கிறது என்று சொல்லி, மாநகர முதல்வர் வி. மணிவண்ணனை 9ஆம் திகதி பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைதுசெய்தது. அன்றைக்கே நீதிமன்றம் அவரைப் பிணையில் விட்டது. அந்த நாட்களில் தேத்தண்ணிக் கடையிலும் பஸ்சிலும் பத்திரிகையிலும் நாங்கள் பேசியது முழுக்கச் சீருடையைப் பற்றி. ஐந்து பேரை ஏன் வீதிக்கு இறக்கவேண்டி வந்தது என்பதை ஒருவரும் பேசவில்லை. ஒரு முதல்வரைக் கைதுசெய்தது பெரிய அநியாயம். குப்பையைப் பற்றிய பேச்சை அது மூடிவிட்டது அடுத்த அநியாயம்.

அதே ஆண்டு முடிவில், பாசியும் கழிவும் மூடிக்கிடந்த ஆரியகுளம் துப்புரவாகிச் சனம் உலாவும் இடமாகத் திறந்தது. நான் அங்கே பின்னேரங்களில் போய் இருந்திருக்கிறேன். கரையில் கடலை தின்கிற பிள்ளை சுருளை எறியக் கையோங்கி, சுற்றிப் பார்த்து, கையை மடக்கிக்கொண்டதைக் கண்டேன். இடம் துப்புரவாக இருந்தால் எறிகிறவனுக்கு ஒரு கூச்சம் வரும். ஏற்கெனவே குவிந்து கிடக்கும் மதகடியில் அந்தக் கூச்சம் வராது.

இதை என் மச்சான் விசயத்திலும் கண்டேன். அவர் சூரிச்சில் இருக்கிறார். அங்கே 1993 முதல் வீட்டுக் குப்பையை நகரசபையின் பையிலேயே போடவேண்டும். பையைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். போத்தல் வேறு, கடதாசி வேறு, ரின் வேறு என்று பிரித்து வைக்கிற மனுசன். ஊருக்கு வந்தபோது கட்டுநாயக்கவில் இருந்து வானில் கூட்டிவந்தோம். ஆனையிறவு தாண்டும்போது யன்னலைத் திறந்து தண்ணிப் போத்தலை உப்பளப் பக்கம் வீசினார்.

"அத்தான், அங்கை இப்பிடிச் செய்வியளோ?" என்று கேட்டேன்.

"அங்கை செய்தால் குற்றம் கட்டவேணும். பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டுவான். இஞ்சை ஆர் கேக்கிறது?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், தானாகவே, "நீ கேட்டிட்டாய்" என்றார். வீடு வந்து சேரும்வரை மற்றப் போத்தலைக் காலடியில் வைத்திருந்தார்.

ரத்தத்தில் ஊறின பழக்கம், திருத்தேலாது என்று சொல்கிறவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன். கேட்க ஒருவர் இருந்தால் போதும். எங்கள் ஊரில் கேட்பதற்குத்தான் வெட்கப்படுகிறோம். ஊரான் பிள்ளையைக் கண்டிக்கக்கூடாது, வீண் பகை என்று ஒதுங்கிப் போகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை எந்த ரியூசனுக்குப் போகிறது, ஆரோடு கதைக்கிறது என்பதெல்லாம் கேட்கத் தெரிந்த ஊருக்கு, "ஏன் பிள்ளை ஒழுங்கையிலை போடுறாய்?" என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

நல்லூர்த் திருவிழாவைப் பாருங்கள். 25 நாளும் கோயில் வீதிகளை மறித்து, மணல் பரவி, செருப்பில்லாமல் நடக்கிறோம். விடியப்புறம் ஈர உடம்போடு அந்த மணலில் அடியவர்கள் பிரதட்டை செய்கிறார்கள். அந்த எல்லைக்குள் ஒரு கடதாசி விழுந்தாலும் நாலு கை எடுக்கும். மறிப்பைத் தாண்டி வந்தால் தண்ணீர்ப்பந்தல். சர்க்கரைத் தண்ணியும் மோரும் அன்போடு வார்க்கிறார்கள். குடித்த கப்பை அடுத்த அடியிலேயே விடுகிறோம், பலாவிலையை விட்டதுபோல. இரவில் பருத்தித்துறை வீதியால் நடந்தால் காலுக்குக் கீழே கப் நொருங்கும் சத்தம்தான். முருகனுக்குக் காட்டிய மரியாதை வீதித்தடையோடு நின்றுவிட்டது.

வண்டி கிழமைக்கு இரண்டு தரம் வரவேண்டும், உக்கும் குப்பையும் உக்காக் குப்பையும் தனித்தனியாக ஏற்றவேண்டும், கல்லுண்டாய் வெளியைக் காப்பாற்றவேண்டும் என்று சபைகளிடம் நாங்கள் கேட்கத்தான் வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள். அதற்குமுன் வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. கல்லுப் பதித்த வளவென்றாலும் கோடியில் ஒரு மூலைக் கல்லைக் கிளப்பி ஒரு கிடங்கு வெட்டுங்கள். மீன் செதிலையும் பால்மாப் பக்கற்றையும் ஒரே பையில் கட்டாதீர்கள். உடைந்த கண்ணாடியைத் தனியாகச் சுற்றி, அள்ள வருகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள். அவருடைய பெயரையும் கேளுங்கள். வருகிற ஆவணியில் நல்லூருக்குப் போகும்போது வீட்டில் இருந்து ஒரு சில்வர் பேணி கொண்டுபோங்கள். பந்தல்காரர் அதில் வார்த்துத் தருவார்கள்.